அப்பாவின் 54 கிலோ

நான்கு மாதமாக அப்பாவின் நிறை 54 கிலோவில் அசையாமல் நின்றது. சிறுநீரகத்துக்குப் பதிலாக மெசின் இரத்தத்தைக் கழுவுகிற டயலிசிஸ் முடிந்து, கட்டிலால் இறங்கித் தராசில் ஏறுவார். 54. அடுத்த முறை 54.2. பிறகும் 54. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "எத்தினையிலை நிண்டது பிள்ளை?" நான் சொல்வேன். "பிள்ளையாரப்பா" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவார். நிறை குறையவில்லை என்றால் ஆள் உருகவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பியிருந்தோம்.

அதே நான்கு மாதத்தில் அப்பாவின் மணிக்கூட்டு வாரில் அம்மா இரண்டு புது ஓட்டை போட்டிருந்தார். இடக் கையில் பிஸ்டியுலா, அதாவது டயலிசிஸ் ஊசி குத்துவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்த இடம், இருப்பதால் மணிக்கூடு வலக் கைக்கு மாறியிருந்தது. அது முழங்கைவரை வழுகிக்கொண்டு போகிறது என்று அப்பா சொன்னபோது, ஊசியை விளக்கில் சூடாக்கி ஒரு ஓட்டை. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. நான் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு, தராசு ஒன்றைச் சொல்கிறது, வார் வேறொன்றைச் சொல்கிறது என்று அப்போது படவில்லை.

இதை எழுதுவது அதனால்தான். டயலிசிஸ் செய்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிற எத்தனையோ பேர் எங்களைப் போலவே அந்த ஒரு இலக்கத்தை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் ஊர் இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கம். அப்பா வயல்காரர். சீனி வருத்தம் இல்லை. பிறஷரும் பிந்தித்தான் வந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத மனிதர். கால் வீங்குகிறது, சோறு மணக்கவே அருவருக்கிறது என்று போனபோது இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று எழுதித் தந்தார்கள். எங்களுக்கு அது புதிய சொல் இல்லை. 1990களின் நடுவிலிருந்து வட மத்திய மாகாணத்தின் பதவியா, மதவாச்சிப் பக்கத்து விவசாயிகளிடம் கண்டறியப்பட்டு வந்த நோய் அது. மாகாண எல்லைக்கு இந்தப் பக்கம் வன்னிக் கிராமங்களிலும் அதே வயதில், அதே தொழிலில், அதே மாதிரி மெலிந்த ஆண்கள் விழுந்தார்கள். கிணற்றுத் தண்ணீரின் வன்மை, புளோரைட்டு, பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி, உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இது ஒன்றுதான் என்று இன்னும் யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ். காலை நாலரைக்கு எழும்பி, புளியங்குளம் சந்தி வந்து, ஏ9 வீதியால் ஓமந்தை தாண்டிப் போகவேண்டும். மெசினில் நாலு மணித்தியாலம். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் கிழமைக்கு மூன்று முறை என்பது பொதுவான அளவு. இங்கே ஆட்கள் கூட, மெசின் குறைவு. இரண்டு டயலிசிஸுக்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளியில் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் அந்த இரண்டையும் தவறவிடாமல் போய்வர நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கதையாகிவிடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

டயலிசிஸ் தொடங்குவதற்கு முதல், சிறுநீரகம் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், மீன், முட்டை, பருப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அது அந்த நேரத்துக்குச் சரியான ஆலோசனை. புரதம் உடைந்து வரும் கழிவை வெளியே தள்ள ஏலாத சிறுநீரகத்துக்குச் சுமையைக் குறைக்கவேண்டும். அம்மா அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் மாவால் ஒட்டினார். டயலிசிஸ் தொடங்கியதும் அந்த விதி தலைகீழாக மாறுகிறது. ஒவ்வொரு முறையும் மெசின் கழிவோடு சேர்த்து 6 முதல் 12 கிராம் அமினோ அமிலத்தையும் இரத்தத்திலிருந்து கழுவிக்கொண்டு போகும். அதை ஈடுகட்ட, ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மாற்றத்தை யாரும் எங்களுக்கு இருத்தி வைத்து விளங்கப்படுத்தவில்லை. நெரிசலான கிளினிக்கில் யாராவது சொல்லி, நாங்கள்தான் காதில் போடாமல் விட்டோமோ தெரியாது. சுவரில் பழைய தாள் அப்படியே இருந்தது. அப்பா ஒன்றரை வருடம் சோறும் பூசணிக்காய்க் கறியும் தின்றார்.

ஊரும் அதற்கு ஒத்தாசை செய்தது. "அண்ணை நல்லா மெலிஞ்சிட்டார், அது நல்லதுதானே, கொழுப்பு இல்லாட்டி நெஞ்சுவருத்தம் வராது" என்று வந்து போகிறவர்கள் சொல்வார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கொழுப்பு என்றால் நாடியை அடைக்கிற சாமான், அது குறையக் குறைய இதயத்துக்குச் சுகம். இதைத்தானே எல்லோரும் படித்திருக்கிறோம்.

வைகாசி மாத இரவு ஒன்றில், இரண்டு மணி இருக்கும், அப்பா விறாந்தையில் குந்தியிருந்தார். "படுக்கேலாமல் கிடக்கு பிள்ளை. படுத்தா மூச்சு முட்டுது." காலைத் தொட்டேன். விரல் அமர்த்திய இடம் குழியாகவே நின்றது. 1990 என்கிற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து, அது வந்து, விடிய முதலே மெசினில் போட்டார்கள். பகல் ஒரு இளம் டொக்டர் வந்து அப்பாவின் மேற்கைத் தசையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தோல்தான் விரலுக்குள் வந்தது.

"ரீச்சர், உங்கட அப்பாவின்ர ட்ரை வெயிட் 54 இல்லை" என்றார். "சதை போயிட்டுது. போன இடத்துக்குத் தண்ணி வந்திட்டுது. தராசுக்கு ரெண்டும் ஒண்டுதானே."

ட்ரை வெயிட் என்றால் உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது உள்ள நிறை. மெசின் எவ்வளவு தண்ணீரை இழுக்கவேண்டும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆள் மெலிந்த பிறகும் அந்த இலக்கம் பழையபடி இருந்தால், போன சதையின் அளவுக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்து வந்த ஆறு தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். அப்பாவின் உண்மையான நிறை 50.5 கிலோ. மூன்றரைக் கிலோ அப்பா எங்கள் கண் முன்னாலேயே கரைந்து போயிருந்தார். அந்த மூன்றரைக் கிலோத் தண்ணீரை அவருடைய இதயம் நான்கு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்து, இரவில் கைப்பேசியில். கொழுப்பிழையத்தைப் பற்றி வகுப்பில் இரண்டு வசனம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்: சக்தியைச் சேமிக்கிறது, குளிரிலிருந்து காக்கிறது. அது ஒரு சுரப்பி போலவும் வேலை செய்கிறது என்று படித்திருந்தேன், உண்மைதான். ஆனால் அதற்கும் என் அப்பாவின் இதயத்துக்கும் நடுவில் இவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்று நினைக்கவில்லை.

எலியில் இருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் கோல்மன் என்கிற விஞ்ஞானி இரண்டு எலிகளின் உடலை ஒன்றாகத் தைத்து, ஒன்றின் இரத்தம் மற்றதற்குள் போய்வரும்படி செய்தார். பிறப்பிலேயே மிதமிஞ்சித் தின்று கொழுக்கும் ஒரு வகை எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, கொழுத்தது தீனியைக் குறைத்தது. இன்னொரு வகைக் கொழுத்த எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது நடந்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சாதாரண எலி சாப்பிடுவதையே விட்டுவிட்டுப் பட்டினியில் செத்தது. கொழுத்த எலியின் இரத்தத்தில் "போதும்" என்கிற செய்தி நிரம்பி வழிந்திருக்கிறது. கொழுத்த எலிக்கு அதைக் கேட்கும் காது இல்லை. பக்கத்தில் தைக்கப்பட்ட எலிக்குக் காது இருந்தது.

அந்தச் செய்தி எது என்பதை 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டுபிடித்தது. லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் மெலிந்தது. கொழுப்புக் கலங்கள் அதைச் சுரக்கின்றன. எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் இருந்த நெல்லுக் கொம்பறை நினைவுக்கு வருகிறது. உள்ளே எவ்வளவு நெல் கிடக்கிறது என்று அடிக்கடி எட்டிப் பார்த்து அப்பாச்சி சமையலைக் கூட்டுவார், குறைப்பார். லெப்டின் அப்படிக் கொம்பறைக் கணக்கை மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழுக்கு (ஹைபோதலமஸ்) கொண்டுபோய்ச் சொல்கிறது. நிறையக் கிடந்தால் பசி அடங்கும்.

சொல்லி முடித்த செய்தியை உடம்பு அழிக்கவேண்டும். லெப்டினை இரத்தத்திலிருந்து எடுத்து உடைக்கிற முக்கியமான இடம் சிறுநீரகம். சிறுநீரகம் செத்தவருக்கு அந்தச் செய்தி அழியாமல் சேர்கிறது. டயலிசிஸ் நோயாளிகள் பலரின் இரத்தத்தில், அவர்களின் உடற்கொழுப்புக்குத் தகாத அளவில் லெப்டின் கூடி நிற்பது இதனால்தான்.

மெசின் இதைக் கழுவாதா என்று நானும் கேட்டேன். டயலிசிஸ் வடி ஒரு அரிதட்டு மாதிரி. மா இறங்கும், கப்பி மேலே நிற்கும். யூரியா மூலக்கூறின் எடை 60 டால்டன். அது தண்ணீர் போல இறங்கிவிடும். கிரியேட்டினின் 113. லெப்டினோ ஏறத்தாழ 16,000. பழைய, கண் சிறிய வடிகளில் அது இறங்கவே மாட்டாது. ஹை ஃப்ளக்ஸ் என்கிற கண் பெரிய வடியில் ஓரளவு இறங்கும். ரிப்போட்டில் யூரியா நல்லாய் இறங்கியிருக்கிறது என்று சந்தோசப்படுகிற அதே நாளில், இந்த நடுத்தரப் பருமனான மூலக்கூறுகள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், எலிகளுக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கினார்கள். சாதாரண எலிகள் தீனியைக் குறைத்து, தசை கரைந்து மெலிந்தன. லெப்டினைக் கேட்கும் காது இல்லாத எலிகள் அப்படி மெலியவில்லை. இதை வாசித்த இரவு நான் எழுந்து போய் அப்பா படுத்திருந்த பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். "கொஞ்சம் சாப்பிடுங்கோவன் அப்பா" என்று நான் கத்தியதும், "வேண்டாம் பிள்ளை, வயிறு நிரம்பினமாதிரிக் கிடக்கு" என்று அவர் கோப்பையைத் தள்ளியதும் ஞாபகம் வந்தன. பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பசியின்மைக்கு லெப்டின் மட்டும் காரணம் என்று சொல்லவரவில்லை. தேங்கிய கழிவு, உடம்பில் தணல் போல எரிந்துகொண்டே இருக்கும் அழற்சி, வாயில் மாறிப்போன ருசி, ஒரு கைப்பிடி மாத்திரை என்று எல்லாம் சேர்கின்றன. மனிதரில் எலியைப் போல ஒரே கோட்டில் கதை போவதும் இல்லை. ஆனாலும் அப்பா பொய் சொல்லவில்லை என்று அன்று எனக்கு விளங்கியது.

லெப்டின் பசியோடு நிற்பதில்லை. அது பரிவு நரம்புகளைத் தூண்டி இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. ஆய்வுகூடத்தில், இரத்தக்குழாய்ச் சுவர்க் கலங்களில் சுண்ணம் படிவதையும் அது கூட்டியிருக்கிறது. டயலிசிஸ் நோயாளியின் நாடிகள் கல்லாகிப் போவது இந்த நோயின் மிகக் கொடிய பகுதிகளில் ஒன்று. இவர்களை அதிகம் கொல்வது சிறுநீரகம் இல்லை, இதயம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இதயநோயால் இறக்கும் ஆபத்து 10 முதல் 20 மடங்கு என்று 1990களின் இறுதியிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இறப்புகளிலும் பெரும் பங்கு, நாங்கள் அறிந்த மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் மாரடைப்பாக வருவதில்லை. இதயத்தின் தாளம் திடீரென்று குழம்பி நின்றுவிடுவது. எங்கள் வாட்டில் ஞாயிறு இருந்து சிரித்துக் கதைத்தவர் செவ்வாய் வராமல் போனால், மற்றவர்கள் அவருடைய கட்டிலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்வார்கள்.

இங்கே ஒரு விசயம். இதயம் என்றதும் கொலஸ்ட்ரோல் மாத்திரைதான் எல்லோருக்கும் நினைவு வரும். 2005இல் ஜேர்மனியில் சீனி வருத்தமுள்ள 1,255 டயலிசிஸ் நோயாளிகளிடமும், 2009இல் பல நாடுகளில் 2,776 டயலிசிஸ் நோயாளிகளிடமும் ஸ்டாட்டின் மாத்திரையைச் சோதித்தார்கள். கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கியது. இதய இறப்புகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. (ஏற்கெனவே போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்தவேண்டாம். டொக்டரிடம் கேளுங்கள்.) கொலஸ்ட்ரோல் ஒன்றே இவர்களின் இதயத்தைத் தீர்மானிப்பதில்லை என்று அந்தச் சோதனைகள் காட்டின. ஆராய்ச்சியாளர்கள் கொழுப்புக் கலம் சுரக்கும் செய்திகள் பக்கம் கூர்ந்து பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது செய்திக்காரன் அடிப்போனெக்டின். 1990களின் நடுவில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இது நல்லவன் என்று பெயர் எடுத்தது. இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கும், அழற்சியைத் தணிக்கும், இரத்தக்குழாயின் உட்சுவரைக் காக்கும். விசித்திரம் என்னவென்றால், கொழுப்பிலிருந்தே வந்தாலும் கொழுத்தவர்களிடம் குறைவாகவும் மெலிந்தவர்களிடம் கூடவும் இருக்கும்.

டயலிசிஸ் நோயாளிகளிடம் இதுவும் கூடியே நிற்கிறது. 2002இல் தென் இத்தாலியின் கலாப்ரியாவில் கார்மினே சொக்காலி குழு 227 டயலிசிஸ் நோயாளிகளிடம் அளந்தபோது, சுகதேகிகளை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. அவர்களுக்குள்ளும் யாரிடம் கூட இருந்ததோ அவர்களுக்கு இதயச் சிக்கல் குறைவாக வந்தது. நல்லவன் நல்லதே செய்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் கதை மாறியது. அடிப்போனெக்டின் மிகவும் கூடிய நோயாளிகள் அதிகமாக இறந்தார்கள்.

இந்தப் புதிருக்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு மனதில் தைத்தது ஒன்று. தண்ணீர்ச் சுமையாலோ வேறு காரணத்தாலோ இதயத்தின் சுவர் இழுபடும்போது, இதயமே ஒரு ஹோர்மோனைச் சுரக்கிறது. பி.என்.பி. என்று ரிப்போட்டில் வருவது அந்த வகை. "உப்பையும் தண்ணீரையும் வெளியேற்று" என்பது அதன் கட்டளை. சிறுநீரகம் இருந்தால் கேட்டிருக்கும். இதய ஹோர்மோன்களின் இந்தக் குடும்பம் கொழுப்புக் கலத்துக்கும் போய், அடிப்போனெக்டினைக் கூட்டச் சொல்கிறது. இதயம் பலவீனப்பட்டவர்களிடம், சிறுநீரக நோய் இல்லாவிட்டாலும், அடிப்போனெக்டின் கூடியிருப்பதையும், கூடியவர்கள் அதிகமாக இறப்பதையும் வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதோடு, ஆள் மெலிந்து உருகும்போதும் அது கூடும்.

சுவர்த் தாளைப் பார்த்துப் பார்த்து மெலிந்து, மெலிந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரில் இதயம் இழுபட்டுக்கொண்டிருந்த என் அப்பாவின் இரத்தத்தை அந்த வைகாசியில் யாராவது சோதித்திருந்தால், நல்லவன் என்று பேரெடுத்த அந்த ஹோர்மோன் மிகவும் கூடித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெறும் ரிப்போட்டை வாசிக்கிறவர், இதயத்துக்கு நல்ல பாதுகாப்பு என்று சொல்லியிருக்கக்கூடும். வீட்டுக்குள் குளம் ஏறிவிட்டது என்று வெளியில் நின்று கூப்பிடுகிறவனை, வெள்ளத்தைத் தடுக்கிறவன் என்று பிழையாக விளங்கிக்கொள்வது மாதிரி.

இதோடு சேர்த்துப் பார்த்தால்தான், டயலிசிஸ் உலகத்தில் பல வருடமாகப் பேசப்படும் ஒரு முரண் விளங்குகிறது. மற்ற மனிதரில் உடல் பருமன் ஆயுளைக் குறைக்கும். டயலிசிஸ் நோயாளிகளைப் பெருந்தொகையாக எடுத்துப் பார்த்தால், கொஞ்சம் பருத்தவர்கள் மெலிந்தவர்களை விடக் கூடக் காலம் இருக்கிறார்கள். கமியார் கலந்தர்-சாதே போன்ற மருத்துவர்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து இதை எழுதி வருகிறார்கள். காய்ச்சல், நெஞ்சுச்சளி, பிஸ்டியுலாவில் கிருமி என்று ஒவ்வொரு அடியாக விழும்போது, எடுத்துத் தின்னக் கொம்பறையில் ஏதாவது வேண்டும். அப்பாவின் கொம்பறையில் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் கொழுக்கட்டும் என்று விட்டுவிடலாமா? இல்லை. எங்கள் வாட்டில் கடைக்கார அண்ணர் ஒருவர் வருவார். சீனி வருத்தத்தால் சிறுநீரகம் போனவர். வயிறு முன்னுக்குத் தள்ளி நிற்கும். காலும் கையும் குச்சி. அவருடைய நிறை உயரத்துக்கு அளவானது. கலாப்ரியாக் குழுவே 2009இல் 537 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, உயரத்துக்கேற்ற நிறை கூடியவர்கள் நன்றாக இருந்தார்கள், இடுப்புச் சுற்றளவு கூடியவர்களோ அதிகமாக இறந்தார்கள் என்று கண்டது. பிறகு அவர்கள் லெப்டினையும் அடிப்போனெக்டினையும் இடுப்பளவோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே அளவு ஹோர்மோன், இடுப்பளவு மாற மாற வேறுவேறு ஆபத்தைக் காட்டியது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு, தோலுக்குக் கீழே தொடையிலும் கையிலும் இருக்கும் கொழுப்பை விட அழற்சியைக் கிளப்பும் செய்திகளைக் கூடுதலாக அனுப்புகிறது. தெற்காசியர்களான எங்களுக்கு, கை கால் மெலிந்து வயிறு மட்டும் வைக்கும் உடல்வாகு சாதாரணம். அந்த அண்ணரையும் அப்பாவையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தபோது, ஒரே வருத்தத்தின் இரண்டு முகம் போல இருந்தது. தராசு இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஹோர்மோன்களை எங்கள் கிளினிக்கில் அளப்பதில்லை. வழக்கமான பரிசோதனை அல்ல. அளந்தாலும் அவற்றைக் குறைக்கவென்றோ கூட்டவென்றோ கையில் தரும் மாத்திரை இல்லை. சிறுநீரகம் மாற்றினால் இரண்டும் இறங்குகின்றன, அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அப்போ இதையெல்லாம் வாசித்து என்ன பிரயோசனம் என்று என் தம்பி கேட்டான். அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அடுப்படிச் சுவரில் இருந்த பழைய தாளைக் கிழித்தேன். உணவு ஆலோசகரிடம் அப்பாவின் ரிப்போட்டுகளோடு போய் உட்கார்ந்து, புதிதாக எழுதி வாங்கினோம். காலையில் முட்டை வெள்ளை இரண்டு. அதில் பொஸ்பரஸ் குறைவு. மத்தியானம் குளத்து மீன், விராலோ ஜப்பானோ (திலாப்பியா), ஒரு உள்ளங்கை அளவு. கருவாடு வீட்டுக்குள் வராது. உப்பு தாகத்தைக் கிளப்பும், தாகம் தண்ணீரைக் கொண்டுவரும். இளநீர், வாழைப்பழம், மரவள்ளி எல்லாம் பொட்டாசியத்துக்காக நிறுத்தினது நிறுத்தினதுதான். இதயத்தாளத்தோடு விளையாட ஏலாது. ஒவ்வொரு நோயாளிக்கும் அளவு வேறு, எங்கள் தாளை யாரும் கொப்பி பண்ணவேண்டாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: டயலிசிஸ் தொடங்கியபின் உங்கள் வீட்டுத் தாள் மாற்றப்பட்டதா என்று நாளைக்கே பாருங்கள்.

அப்புறம், மாதத்தில் ஒருநாள், டயலிசிஸ் முடிந்து வந்த பின்னேரம், தையல்காரரின் நாடாவால் பிஸ்டியுலா இல்லாத கையின் மேற்பகுதியையும் இடுப்பையும் அளந்து பள்ளிக்கூட டயறியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கை சுருங்கி, நிறை அப்படியே நின்றால், அது தண்ணீர். அடுத்த கிளினிக்கில் ட்ரை வெயிட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்பேன். இடுப்பு மட்டும் கூடினாலும் கேட்பேன். இரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் எவ்வளவு, இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கான் எப்போது, வடி எந்த வகை என்றும் கேட்பேன். முதல் தடவை கேட்டபோது குரல் நடுங்கியது. இப்போது அந்த இளம் டொக்டரே, "டயறியைக் கொண்டாங்கோ ரீச்சர்" என்கிறார். போன மாதம் பக்கத்துக் கட்டில் அக்காவும் ஒரு நாடா வாங்கி வந்திருந்தார்.

பசி உடனே திரும்பவில்லை. மூன்று மாதம் ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சினோம். சிறிது சிறிதாக ஆறு நேரம் கொடுத்தோம். தேசிக்காய்ப் புளி விட்டால் மீன் இறங்கும் என்று அம்மா கண்டுபிடித்தார். தண்ணீர்ச் சுமை இறங்கி இரவில் நித்திரை வந்ததும்தான் பகலில் பசி எட்டிப் பார்த்தது.

போன செவ்வாய் அளந்தேன். மேற்கை 23.5 சென்ரிமீற்றர். ஐப்பசியில் 22 இருந்தது. நிறை 52, கால் வீக்கம் இல்லை. அப்பா நாடாவைத் தன் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, இலக்கத்தைத் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு கையை மடக்கிப் பார்த்தார்.

"மண்வெட்டி பிடிக்கலாமோ பிள்ளை?"

"முதல் அந்த ரெண்டாவது முட்டையைச் சாப்பிடுங்கோ அப்பா" என்றேன். கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.